கடைசி அத்தியாயம் முதலில் வந்து சேரும்

துப்பறியும் நாவலில் முதல் பிணம் எப்போது விழவேண்டும் என்பதில் எங்கள் குழுவில் ஒருமுறைகூட ஒற்றுமை வந்ததில்லை. எதிர்வீட்டு அத்தைக்கு முதல் அத்தியாயம் முடிவதற்குள் விழவேண்டும். கடைசி வீட்டு மருமகளுக்கு அவசரமில்லை. அதற்கு முன்னால் ஒரு கல்யாணமோ காதலோ இருந்தால் போதும். அம்மா கருத்துச் சொல்லமாட்டாள். மற்றவர்கள் சண்டை போடுவதைக் கேட்பதற்காகவே அவள் கதை கேட்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

குழு என்றால் வாட்ஸ்அப் குழுதான். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளை அங்கே லயம் என்போம். எங்கள் லயத்துப் பெண்கள்தான் குழுவில் இருந்தார்கள். நான் அங்கே பிறந்தவள். டிப்ளமா முடித்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கொதிகலனின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டுகிற கருவிகள் உண்மையைத்தான் சொல்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. பகல் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் அறைக்கு வந்ததும், பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய மாத நாவல் ஒன்றைப் பிரித்து வாசிப்பேன். அதை ஃபோனில் பதிவுசெய்து, அத்தியாயம் அத்தியாயமாகக் குழுவுக்கு அனுப்புவேன். மறுநாள் அவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டே கேட்பார்கள்.

அவர்களே வாசித்துக்கொள்ளலாமே என்று என் அறைத்தோழி ஒருநாள் கேட்டாள். முடியாது. அத்தை பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா போனாள், பெயர் எழுதக் கற்றதோடு நின்றுவிட்டாள். மருமகள் பன்னிரண்டாவது வரை படித்தவள், ஆனால் படித்தது முழுக்க மலையாளத்தில். அவள் பேசுவது தமிழ், புருஷனோடு சண்டை போடுவது தமிழ். எழுத்து மட்டும் தெரியாது. எங்கள் மலையில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. நான் தமிழ் மீடியத்தில் படித்தவள் என்பதால், அந்த லயத்துக்குள் நடக்கவேண்டிய கொலைகளெல்லாம் என் வாய்வழியாகத்தான் நடந்தன.

அறைத்தோழி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். வீட்டில் தென்னந்தோப்பும் வயலும் உண்டு. என்னைவிடச் சின்னவள். நான் வாசிக்கும்போது கட்டிலில் படுத்துக் கேட்பாள், சும்மா கேட்கமாட்டாள்.

"ஏனுங்க்கா, இந்த இன்ஸ்பெக்டரு எப்பப் பாத்தாலும் காப்பி குடிச்சுட்டே இருக்கறாரு. அவருக்கு ஊடு வாசல்னு ஒண்ணும் இல்லீங்களா?"

அவள் குரல் பதிவில் விழுந்துவிட்டது. வெட்டி எடுக்கச் சோம்பலாக இருந்ததால் அப்படியே அனுப்பினேன். மறுநாள் மதியம் அத்தையிடமிருந்து குரல்செய்தி வந்தது. "அந்தப் புள்ள கேக்குறது ஞாயந்தான். கொலை நடக்குறது தேயிலக் காட்டுல, அவன் குடிக்கிறது காப்பி. எழுதுனவனுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

அந்த வருடம் எனக்கு எப்போதும் களைப்பாக இருந்தது. தொழிற்சாலைச் சூடு, ஹாஸ்டல் சோறு, மின்விசிறிக்குக் கீழேயும் காயாத துணி. இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். வாசித்து முடிக்கும்போது தொண்டை கரகரத்துவிடும். ஆனாலும் வாசிப்பை நிறுத்தவில்லை. அம்மாவிடம் பேசவேண்டிய ஒன்று இருந்தது. கதை அனுப்பிக்கொண்டிருந்தால் அதைப் பேசாமல் இருக்கமுடிந்தது.

அது அம்மா ஓய்வு பெறவேண்டிய வருடம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டிலிருந்து இன்னொருவர் பெயர் எழுதிச் சேரவேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. எஸ்டேட் ஃபேக்டரியில் என் படிப்புக்கு ஏற்ற இடம் இல்லை என்று விசாரித்து வைத்திருந்தேன். சேர்ந்தால் கொழுந்து பறிக்கத்தான் சேரவேண்டும். அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழை முடியட்டும், ஓணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

எதையும் பட்டியல் போட்டு யோசிப்பது என் பழக்கம். பாலக்காட்டில் வாடகை வீடு எடுத்தால் அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. ஏலப்பாறை பஜாரில் ஒரு அறை எடுத்தால் அவள் தனியாக இருக்கவேண்டும். நானே திரும்பிப் போவது என்று மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதற்கு எதிரே என்ன போடுவது என்று தெரியாமல் பட்டியலை அங்கேயே விட்டுவிடுவேன்.

கதைகளைப் பற்றிய அவர்களுடைய கருத்துகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். நான் கேன்டீனில் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்பேன். பின்னால் காற்றும், டிபன் மூடி திறக்கிற சத்தமும், யாரோ இருமுவதும் கேட்கும். நகரத்தில் இருந்து எழுதுகிறவர்களுக்கு மலைப் பங்களா என்றால் உடனே கொலை ஞாபகம் வந்துவிடும் போல. ஒரு கதையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிணம் நாள்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

"பொய்யி," என்றாள் மருமகள். "அந்த ஃபீல்டுல கொழுந்து முத்திப் போகாதா? சூப்பர்வைசர் சும்மா விடுவானா?"

"செத்தவன் யாருன்னு தெரியுறதுக்குள்ள நான் ஒரு மூட்டை பறிச்சுட்டேன்," என்றாள் அத்தை. "பங்களாவ வர்ணிக்கவே பாதிப் பொழுது போச்சு. ஜன்னலுக்கு ஜன்னல் எத்தன தெரை! அத எல்லாம் தொவைக்கிறது யாரு, அதச் சொன்னானா?"

"வர்ணிச்சா என்ன அத்த? மெதுவாப் போனாத்தான் பயம் ஏறும்."

"ஒனக்கு ஏறும். எனக்கு இடுப்பு வலிதான் ஏறுது."

இப்படியே போகும். வேகமான கதைகளிலும் அத்தைக்குக் குறை உண்டு. ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டே போனால், "அழுவுறதுக்கு நேரமே குடுக்க மாட்டேங்குறான்" என்பாள். கதை எப்படித்தான் போகவேண்டும் என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம பஸ்ஸு மாதிரி. எறக்கத்துல பிரேக்கு வேணும், ஏத்தத்துல நிக்கக் கூடாது," என்றாள். வேகத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விளக்கம் அதுதான் என்று அறைத்தோழி சொன்னாள்.

பிறகு அந்தக் குழப்பம் நடந்தது. அங்கே காட்டில் எல்லா இடத்திலும் ரேஞ்ச் கிடையாது. கோயிலுக்குக் கீழே உள்ள வளைவைத் தாண்டும்போது சற்று நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எந்தக் கோப்பு இறங்குகிறதோ அதுதான். கதை ஓடுவது மருமகளின் ஃபோனில். அதைக் கொழுந்துப் பைக்குள் போட்டு, சத்தமாக வைத்து, நிரையில் நிற்கிற எல்லோரும் கேட்பார்கள். சின்னக் கோப்பு முதலில் இறங்கும், பெரியது பாதியில் நிற்கும். மாத நாவல்களில் கடைசி அத்தியாயம் எப்போதும் சின்னது. எழுதுகிறவருக்குப் பக்கம் தீர்ந்துபோயிருக்கும். முக்கால் புத்தகம் ஆற அமர நடந்துவிட்டு, கடைசியில் நாலு வரியில் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். ஆகவே கடைசி அத்தியாயம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.

மருமகளிடமிருந்து குரல்செய்தி வந்தது. "அக்கா, வெசம் வச்சது மூத்த மருமகன்தான? கேட்டாச்சு. மிச்சம் எறங்குனதும் கேக்குறோம்."

எத்தனை மாலை நேரம் போட்டு வாசித்தது! உடனே எல்லாக் கோப்புகளுக்கும் எண் போட்டு, வரிசையாக மட்டுமே கேட்கவேண்டும் என்று பேசி அனுப்பினேன். எழுதினால் அவர்களுக்கு உதவாது.

அத்தை சிரித்தாள். "நம்பர் எதுக்குப் புள்ள, இது என்ன ரேஷன் கடையா? ஏன் இப்படிப் பதறுற? நல்லாத்தான் இருக்கு. இனிமே அந்த மருமகன் மாமனாருக்குப் பால் கொண்டுவந்து குடுக்குறப்ப எல்லாம் 'அட பாவி, அட பாவி'ன்னு திட்டிக்கிட்டே பறிக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் நல்லால்ல," என்றாள் மருமகள். "சஸ்பென்ஸே போச்சு."

"ஒனக்கு இப்பத்தான கல்யாணம் ஆச்சு. சஸ்பென்ஸ் கேக்கும்."

அந்தப் பதிவில் எல்லோரும் சிரித்து ஓய வெகுநேரமானது. அதற்குப் பிறகு வந்ததுதான் அம்மாவின் குரல். கருத்துச் சொல்லாத அம்மா.

"முடிவு தெரிஞ்சிருச்சுன்னா நடுவுல எவ்வளவு இழுத்தாலும் சாரமில்ல. தெரியாம இருக்கப்பத்தான் இழுக்குறது கனக்குது."

சாரமில்ல என்றால் எங்கள் மலைத் தமிழில் பரவாயில்லை. அம்மா நாவலைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கருத்து எனக்குப் பிடிக்கவும் இல்லை. நான் கருவிகளோடு வேலை செய்கிறவள். ஒன்று முடிந்து அடுத்தது, அதுதான் ஒழுங்கு. மர்மக்கதைக்கு அதைவிடக் கண்டிப்பான ஒழுங்கு உண்டு என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த கதையிலிருந்து, கடைசி அத்தியாயத்தை முதலில் அனுப்பு என்று அவர்களே கேட்டார்கள். அனுப்பினேன். வாதாடத் தெம்பில்லை.

அடுத்து வந்த நாவல் உண்மையிலேயே மோசம். முடிவு தெரிந்திருந்தும் தாங்கமுடியாத இழுவை. வாசிக்கிற எனக்கே கொட்டாவி வந்தது. அது பதிவிலும் இருக்கிறது. மதியம் அத்தையின் செய்தி வந்தது.

"எழுதுனவனச் சொல்லிக் குத்தமில்ல. வாசிக்கிறவளே நல்லா இழுக்குறவதான? அவன் பரவாயில்ல, கடைசில சொல்லிட்டான்."

மருமகள் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டு, உடனே அழித்துவிட்டாள். சோற்றில் கைவைத்தபடி அதை மறுபடி கேட்டேன். எதைச் சொல்கிறாள் என்று புரிந்துகொள்ள அதற்குமேல் கேட்கவேண்டியிருக்கவில்லை. அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன்.

பாலக்காட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஒரு முழுப் பகல் பிரயாணம். பஸ் மாறி மாறி, கோட்டயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைக்கும், குளிர் வரும். வழி முழுக்க அம்மாவிடம் எந்த வரிசையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். முதலில் என் வேலையைப் பற்றி: நிரந்தரமாகப் போகிறது. பிறகு ஃபேக்டரியில் இடமில்லாததைப் பற்றி. பிறகு பாலக்காட்டு வெயிலையும் பஜார் அறையையும் பற்றி. இந்த மூன்றும் சொன்னபின் அம்மாவே முடிவுக்கு வந்து சேர்வாள். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டியிருக்காது. பஸ்ஸில் இது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது.

லயத்து முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது, எங்கள் விறகு. எங்கள் வீட்டுச் சுவரோரம் எப்போதும் அடுக்கியிருக்கும் அது, அத்தை வீட்டுச் சுவரோரம் இருந்தது. அம்மாவின் கோழிகள் மருமகளின் வாசலில் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மையும் காணவில்லை. அம்மா வழக்கம்போலத் தேயிலைக் கறை படிந்த விரல்களோடு வந்து என் பையை வாங்கினாள். "எளச்சுட்ட," என்றாள். ஒவ்வொரு முறையும் சொல்வதுதான்.

தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஆரம்பித்தேன். வேலை நிரந்தரமாகப் போவதைச் சொன்னேன். தலையாட்டினாள். ஃபேக்டரியைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினாள். வெயிலுக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சேர மாட்டேன்னுதான சொல்ல வர்ற?"

தம்ளரைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா. நான் சேரல," என்றேன்.

"சரி."

"சரின்னா?"

"சரிதான். ஆபீஸுல மழைக்கு முன்னாடியே சொல்லிட்டேன். வீட்ட ஒழிச்சுத் தர்றேன்னு சொல்லியாச்சு."

வாசலில் நிழல் விழுந்தது. அத்தை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கோழிக்கே தெரியும்," என்றாள் அத்தை. "எங்களுக்கு எல்லாம் கடைசி அத்தியாயம் எப்பயோ எறங்கிருச்சு. ஒனக்குத்தான் ரேஞ்சு கெடைக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை; கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் நான் மட்டும் தூக்கமில்லாமல் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேனா? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அம்மா அவசரப்படவில்லை. தம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் மொதல்ல சொன்னா, அம்மா எனக்காக விட்டுக்குடுத்துட்டான்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டுக் கெடப்ப. நீயா வாயத் தொறந்து சொன்னா அது நீ எடுத்த முடிவு. அதுக்குத்தான் இருந்தேன். நீ இம்புட்டு இழுப்பன்னு நெனைக்கல."

"நான்தான் இடிச்சுக் காட்டுனேன்," என்றாள் அத்தை. "ஒங்கம்மாவ விட்டா நூறு வருசம் காத்திருப்பா. அவளுக்கு இழுவக் கதைதான் பிடிக்கும்."

எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். சாந்தன்பாறையில், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிற சித்தி வீட்டுக்கு. அம்மாவின் தங்கை, பிள்ளைகள் வெளியூர் போய்த் தனியாக இருக்கிறவள். இருவரும் பேசி எல்லாம் முடித்திருந்தார்கள். ஏலக்காய் எடுக்க வயது கேட்கமாட்டார்கள், முடிந்த நாளைக்குப் போகலாம், முடியாத நாளைக்குப் படுக்கலாம் என்றாள். என் பட்டியலில் சித்தி இல்லவே இல்லை. இவ்வளவு எளிய வழி இருந்திருக்கிறது. அம்மாவின் தங்கையை நான் ஒரு வழியாகக்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். தூக்கம்தான் வந்தது. பையைத் தலைக்கு வைத்து அப்படியே படுத்துவிட்டேன். விழித்தபோது வெளியே மூடுபனி இறங்கி, முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. மருமகள் முட்டை கொண்டுவந்திருந்தாள். அவளும் அத்தையும் எந்தக் கதை மிக மோசம் என்று தொடங்கி, மோசமான கதையை முழுக்கக் கேட்டவள் முட்டாளா அனுப்பியவள் முட்டாளா என்பதில் வந்து நின்றிருந்தார்கள். நேருக்கு நேர் கேட்டால் குரல்செய்தியைவிட இரண்டு மடங்கு சத்தம்.

அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"குரூப்புல இருந்து எம் பேர எப்ப எடுப்ப?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு எடுக்கணும்?"

"வீட்ட விட்டுட்டா இங்க உள்ளது எல்லாம் விட்டுறணும்ல. வெறகு, தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் வேலையோட சேந்தது. இது லயத்துக் குரூப்புதான? பேரே ஆறாம் லயம்னுதான வச்சிருக்க?" பிறகு, "மாசம் முடியுற வரைக்கும் வச்சிருப்பல்ல? இப்ப ஓடுற கதை முடியட்டும்," என்றாள்.

விறகையும் கோழியையும் கொடுத்ததுபோலவே இதையும் கொடுத்துவிடத் தயாராகி, எத்தனை நாளாக இதை மனதுக்குள் வைத்திருந்தாளோ. வீட்டைப் பற்றிப் பேசியபோது அசையாத முகம், இதைக் கேட்கும்போது தரையைப் பார்த்தது. அப்படியொன்றும் இல்லை, குழு எஸ்டேட்டுடையது இல்லை, யாரும் உன்னை எடுக்க முடியாது என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. எடுக்கவேண்டுமானால் என்னையும் அல்லவா எடுத்திருக்கவேண்டும், நான் எங்கே லயத்தில் இருக்கிறேன் என்றேன்.

அதை யோசித்தாள். "நீ வாசிக்கிறவ. ஒனக்கு வேற," என்றாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "என்ன குசுகுசுன்னு?" விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடக் கிறுக்கி! ஒன்னைய எடுத்துட்டு நான் யார்கூடச் சண்ட போட? பேருதான பிரச்சினை, பேர மாத்தச் சொல்லு."

ஃபோனை எடுத்து, ஆறாம் லயம் என்பதை அழித்தேன். என்ன போடுவது என்று தெரியவில்லை. அத்தை தன் பெயரைப் போடச் சொன்னாள். மருமகள் எதையோ மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். அம்மா அந்த வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. 'கதை கேட்கிறவர்கள்' என்று போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். வாசித்துக் காட்டினேன்.

"அதுல நானும் உண்டுல்ல?" என்றாள்.

"உண்டு," என்றேன்.